எவர்சில்வர் ஃபிளாஸ்க் பாட்டில்: ஒரு பெண்கள் பள்ளியில் நான்கு மாதங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், வேலூர் லாங்கு பஜாரில் உள்ள ஒரு பாத்திரக் கடையில், ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்று சொல்லி விற்கப்படும் எவர்சில்வர் ஃபிளாஸ்க் பாட்டில் ஒன்றை 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கொள்ளளவு 750 மில்லிலிட்டர், வெளிப்பூச்சு கருநீலம், மூடியின் தலைப்பகுதி எவர்சில்வர். மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன்; என் வகுப்பு மாணவிகளில் இருவர் இதே பாட்டிலை வேறு நிறத்தில் வைத்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஆகவே இந்த மதிப்புரை மூன்று பாட்டில்களை ஜனவரி முதல் ஏப்ரல் வரை பார்த்து எழுதியது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே வார்ப்பில், இதே மூடியுடன், வெவ்வேறு பெயர்கள் ஒட்டிய பாட்டில்கள் ஒரே கடை அடுக்கில் அருகருகே நிற்பதால், பெயரைச் சொல்வதால் வாங்குபவருக்குப் பெரிய பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாட்டிலின் அமைப்பு பழையது. ஜேம்ஸ் டூவர் என்ற அறிவியலாளர் 1892இல் செய்த வெற்றிடக் குடுவையின் தத்துவம்தான் இதிலும் இருக்கிறது: இரண்டு சுவர்கள், அவற்றுக்கு நடுவே காற்று உறிஞ்சப்பட்ட இடைவெளி. காற்று இல்லாததால் வெப்பம் கடத்தல் வழியாகவும் சலனம் வழியாகவும் உள்ளே வர வழியில்லை. கழுத்துப் பகுதியும் மூடியும்தான் அதற்கு எஞ்சியிருக்கும் முக்கிய வாசல்கள். அன்றைய கண்ணாடிக் குடுவை கைதவறினால் நொறுங்கிவிடும். இன்றைய எவர்சில்வர் நொறுங்காது, நசுங்கும். இந்த வேறுபாடு ஒரு பள்ளியில் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்பதைப் பார்ப்போம். எங்கள் பள்ளி பொதுத்தேர்வு மையம் என்பதால், மார்ச் மாதம் பிறந்ததும் வகுப்பறைகளில் பாதிக்கு மேல் தேர்வு அறைகளாகிவிடும். கரும்பலகையில் பதிவெண்கள் ஏறும், சுவரில் ஒட்டிய வரைபடங்கள் இறங்கும், ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளைத் தேர்வு நாட்களில் பிற்பகலில் வரச் சொல்லிவிடுவோம். அதாவது, ஊர் முழுவதும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நேரத்தில், இரட்டைப் பின்னலும் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட்டும் அணிந்து, இந்தச் சிறுமிகள் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறார்கள். ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. மார்ச் மாதமே அதற்கு ஒத்திகை பார்த்துவிடும். பழைய குளிர்பானப் பாட்டிலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், அவர்கள் இருக்கையில் உட்காரும்போது குளிக்கிற சூட்டில் இருக்கும்.

அப்படியொரு நாளில் ஆய்வக வெப்பமானியை வைத்து ஒரு சிறு சோதனை செய்தோம். காலை 8 மணிக்குப் பானையிலிருந்து எடுத்த 27 டிகிரி தண்ணீரை இந்தப் பாட்டிலிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் நிரப்பி, இரண்டையும் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, மாலை 4 மணிக்கு அளந்தோம். ஃபிளாஸ்க் பாட்டிலில் 29 டிகிரி; பிளாஸ்டிக்கில் 36. மாணவிகள் கைதட்டினார்கள். வெப்பம் கடத்தப்படுதல் பற்றி நான் ஒரு வாரம் நடத்திய பாடத்துக்கு அந்தக் கைதட்டல் கிடைத்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘24 மணி நேரம் குளிர்ச்சி’ என்ற வாசகத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வாய்வரை நிரப்பி, இடையில் திறக்காமல் வைத்திருக்கும் பாட்டில் அளவுக்கு, பாதி காலியாகி மணிக்கு ஒருமுறை திறக்கப்படும் பாட்டில் குளிர்ச்சியைக் காக்காது. பள்ளியில் எந்தப் பாட்டிலும் திறக்கப்படாமல் இருப்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரி, அவளுக்குப் பின்னால் இருப்பவள், பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸ் கேட்டு வந்தவள் என்று எல்லோருக்கும் அதில் ஒரு வாய் உண்டு.

இந்தப் பகிர்தல்தான் பாட்டிலின் வாயமைப்பு பற்றிய என் முதல் குறைக்குக் காரணம். நம் பிள்ளைகள் தண்ணீரை அண்ணாந்து குடிப்பவர்கள். ஒரே பாட்டிலில் எட்டுப் பேர் குடித்தாலும் யாருடைய உதடும் படாது என்பது வகுப்பறையில் எழுதப்படாத ஒழுங்கு. ஆனால் இந்தப் பாட்டில்களை வடிவமைத்தவர்கள், பாட்டில் ஒருவருக்கே சொந்தமானது, அவர் உதடு வைத்துத்தான் குடிப்பார் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அகன்ற வாய் உள்ள வகையை அண்ணாந்து சாய்த்தால் தண்ணீர் குபுக்கென்று கொட்டி, பாதி வாயிலும் பாதி ஓவர்கோட்டிலும் போகிறது. உறிஞ்சுகுழல் வைத்த வகையையோ பகிரவே முடியாது. அதன் குழலுக்குள் படியும் வழவழப்பைக் கழுவுவதும் எளிதல்ல. கடையில் கேட்டால் குறுகிய கழுத்துள்ள வகை ஒன்றையும் எடுத்துக் காட்டுவார்கள். பள்ளிக்கு அதுதான் ஏற்றது. பனிக்கட்டி போட முடியாதே என்று கவலைப்படுபவர்கள், பள்ளியில் பனிக்கட்டி எங்கே கிடைக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்தது எடை. காலிப் பாட்டில் ஏறத்தாழ 370 கிராம். நிரப்பினால் ஒரு கிலோவுக்கு மேல். புத்தகப்பை மாணவியின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வெளியான பள்ளிப்பை கொள்கை சொல்கிறது. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவியின் பையில் அந்தக் கணக்கின்படி மூன்றரை கிலோதான் இருக்கலாம் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கை இந்தப் பாட்டில் ஒன்றே எடுத்துக்கொண்டுவிடும். பையின் பக்கவாட்டு வலைப்பையில் வைத்தால் ஒரு மாதத்தில் வலை கிழிகிறது. உள்ளே வைத்தால் கசிவு பற்றிய பயம். சைக்கிளில் வரும் மாணவி ஒருத்தி முன்கூடையில் போட்டு வந்ததால், மேடுபள்ளத்தில் குதித்துக் குதித்து, பிப்ரவரி முடிவதற்குள் பூச்செல்லாம் உரிந்து, அடிப்பக்கம் நசுங்கிவிட்டது.

நசுங்கினால் என்ன என்று விட்டுவிட முடியாது. வெளிச்சுவர் உள்ளே தள்ளப்பட்டு உள்சுவரைத் தொட்டுவிட்டால் வெப்பம் அந்த இடத்தின் வழியே நேராகப் பாயும்; பற்றவைத்த இடம் விட்டுப்போனாலோ வெற்றிடமே போய்விடும். உங்கள் பாட்டிலில் வெற்றிடம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. கொதிக்கும் நீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தருகே தவிர வேறெங்காவது சுட்டால் அது இனி கனமான ஒரு சாதாரணப் பாட்டில்தான். அந்த சைக்கிள் மாணவியின் பாட்டில் இந்தச் சோதனையில் தோற்றது. அவள் முகத்தைப் பார்த்தபோது, சோதனையை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் செய்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

உலோகத்தின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. உள்சுவர் 304 தரம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் கலந்த, உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்ற உலோகம் அது. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் செய்து காட்டும் பரிசோதனையை மட்டும் முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான தரங்களிலும் காந்தம் ஒட்டுவதில்லை. பாட்டிலின் அடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

மூடி இந்தப் பாட்டிலின் பலவீனமான உறுப்பு. உள்ளே இருக்கும் சிலிகோன் வளையம் ஆறாவது வாரத்தில் தளர்ந்து, என் விடைத்தாள் கட்டின் மேல் தண்ணீர் கசிந்தது. வளையம் மட்டும் கிடைக்குமா என்று வாங்கிய கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “மூடியோட சேர்த்துதான் மேடம் வரும், அதுவும் கம்பெனிலதான் கேக்கணும்” என்றார். நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன். பெட்டியில் ஓராண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தபோதிலும், வளையம் அந்த உத்தரவாதத்தில் சேராது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கடைசியில், எங்கள் தெரு முனையில் பிரஷர் குக்கர் பழுதுபார்ப்பவர் ஏதோ ஒரு பழைய வளையத்தை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். பத்து ரூபாய். இன்றுவரை கசியவில்லை.

வளையத்தின் இன்னொரு தன்மையும் எங்கள் வகுப்பில் தெரியவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாணவி ஒருத்தி பாட்டிலில் மோர் கொண்டுவந்து, பாதியைக் குடித்துவிட்டு மேசைக்கு அடியிலேயே மறந்து போனாள். திங்கட்கிழமை காலை மூடி திறக்க மறுத்தது. நான் துணியைச் சுற்றித் திருகியபோது சோடாப் பாட்டில் திறப்பது போன்ற ஓசையுடன் திறந்து, முதல் வரிசை முழுவதும் புளித்த வாசம் பரவியது. இறைவணக்கக் கூட்டத்துக்குப் போகச் சொல்லாமலே வகுப்பு காலியானது. மோர் நொதிக்கும்போது வளிமம் உண்டாகும், அதை வெளியே விட இந்த மூடியில் வழியில்லை. பாட்டிலை ஆப்பசோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துச் சரிசெய்தோம். வளையத்தில் ஏறிய வாசம் மட்டும் இரண்டு வாரம் போகவில்லை. மோர், பால், பழச்சாறு எதையும் இதில் நீண்ட நேரம் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுதியாக இருப்பதால் உள்ளே வெண்படலம் படிகிறது. அதற்கு எலுமிச்சைச் சாறு போதும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள குளோரின் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாய் அரிப்பை உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஓசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் சக ஆசிரியைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இது கீழே விழுந்தால் கோயில் மணி போல ஒலிக்கிறது. விழுந்த பிறகு உருளவும் செய்கிறது. திருப்புதல் தேர்வு நடக்கும் அமைதியான அறையில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு கரும்பலகை வரை வந்து சேர்ந்தால், அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு அங்கே யாரும் தேர்வு எழுதுவதில்லை. அடியில் சிலிகோன் உறை போட்ட வகையை வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அந்த உறை தனியாக 90 ரூபாய்.

இதைவிட முக்கியமான வரம்பு ஒன்று இருக்கிறது. பொதுத்தேர்வு அறைக்குள் எங்கள் மையத்தில் ஒளி ஊடுருவும், பெயர்த்தாள் ஒட்டாத பாட்டிலைத்தான் அனுமதிக்கிறோம். நீட் தேர்வுக்குச் செல்லும் மாணவிகளுக்கும் ஒளி ஊடுருவும் பாட்டில்தான் விதி. காலை 10 மணிக்கு அறைக்குள் உட்கார்ந்து, வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் போக, 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டிய மாணவிக்கு, அந்த ஆண்டிலேயே தண்ணீர் மிகவும் தேவைப்படும் மூன்று மணி நேரத்தில், 850 ரூபாய் பாட்டில் வாசலில் பைகளோடு பைகளாகக் கிடக்கும். 60 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே போகும். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தேர்வை மனத்தில் வைத்து இதை வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பாட்டிலின் குணமும் குறையும். நான்கு மாதத்தில் நான் கவனித்த வேறொன்றுக்குப் பாட்டில் பொறுப்பல்ல என்றாலும், பெண்கள் பள்ளியில் இதைப் பயன்படுத்துவது பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டால் மதிப்புரை பொய்யாகிவிடும். மாலை மணி அடித்த பிறகு மாணவிகளின் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். சூடான தண்ணீர் என்பதால் குடிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் இந்தப் பாட்டிலை வகுப்பில் புகழ்ந்தும் பேசினேன். ஆனால் ஃபிளாஸ்க் பாட்டில் வைத்திருந்த இருவரின் தண்ணீரும் அப்படியே திரும்பிப் போயிற்று. காரணம் கேட்டபோது ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, “குடிச்சா போகணும் மிஸ்” என்றாள்.

கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் பொருள். கோடை நெருங்க நெருங்கப் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கும். மேல்தொட்டி மதியத்துக்குள் காலியாகும். அதன் பிறகு அங்கே போய்வருவது எப்படியிருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பத்து நிமிட இடைவேளையில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் முறை வராமலே வகுப்புக்குத் திரும்புகிறார்கள். 2025 ஜூன் இறுதியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ நடைமுறைக்கு வந்தது; காலை 11, பிற்பகல் 1, 3 ஆகிய மணிகளுக்கு மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பிலேயே தண்ணீர் குடிக்க இரண்டு மூன்று நிமிடம் தருகிறோம். நல்ல ஏற்பாடு. மணி அடித்ததும் எங்கள் பிள்ளைகள் பாட்டிலைத் திறக்கிறார்கள், உதட்டை நனைக்கிறார்கள், மூடுகிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அந்த நனைப்பும் இல்லை. காலை ஒன்பதே கால் மணிக்கு வந்து, பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடிந்து மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும் ஒரு பெண், இடையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். மார்ச் மாதத்தில் நீர்க்கடுப்பு என்று விடுப்புக் கடிதம் எழுதத் தயங்கி, ‘வயிற்றுவலி’ என்று எழுதும் பிள்ளைகள் பலர். பெற்றோரிடம் பேசும்போதுதான் உண்மை தெரியும்.

ஆகவே, 29 டிகிரியா 36 டிகிரியா என்ற என் கணக்கு, இந்தப் பிள்ளைகள் போட்டுவைத்திருக்கும் கணக்குக்கு வெளியே இருந்தது. பிப்ரவரி இறுதியில் ஆசிரியைகள் சிலர் சேர்ந்து, தொட்டியை மதியம் ஒருமுறை மீண்டும் நிரப்பவும், ஒவ்வொரு வகுப்பையும் ஐந்து நிமிட இடைவெளியில் தனித்தனியாக விடவும் ஏற்பாடு செய்தோம். ஆயாம்மா முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே கையில் கடிகாரத்துடன் நின்று வகுப்புகளை அழைத்தார். அந்தச் சில நாட்களில் பாட்டில்கள் காலியாகத் திரும்பின. சில மாணவிகள் இடையில் மறுபடியும் நிரப்பவும் செய்தார்கள். பொதுத்தேர்வு தொடங்கிப் பிற்பகல் வகுப்பு வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது, பாட்டில்கள் மறுபடி கனத்தன.

மறுபடி நிரப்பியது எங்கே என்று சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில், புங்கமரத்தின் நிழல் விழும் மூலையில், வகுப்புப் பணத்தில் வாங்கிய குழாய் வைத்த மண்பானைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 280 ரூபாய். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது அவ்வளவு நன்றாக வேலை செய்யாது. வேலூரின் வறண்ட காற்றில் அருமையாகச் செய்கிறது. பகிரலாம், உருளாது, வளையம் கிடையாது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை. பானை உள்ள பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, 320 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றைச்சுவர் எவர்சில்வர் பாட்டில், அதுவும் குறுகிய வாயுள்ளது, முழுக்கப் போதும் என்பது என் முடிவு. ஃபிளாஸ்க் பாட்டிலை நெடுந்தூரம் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கும், குடிநீர் நம்பிக்கையில்லாத பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் மட்டும் பரிந்துரைப்பேன்.

பிளஸ் டூ மாணவிகள் கடைசித் தேர்வு எழுதி வெளியே வந்த நாளில் பாட்டில்களுக்கு வேறொரு பயன் கிடைத்தது. பேனா மையை ஒருவர்மேல் ஒருவர் தெளித்து விளையாடும் வழக்கத்தைத் தடுக்க நாங்கள் வாசலில் நின்றோம்; அவர்கள் மையை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கையில் எடுத்தார்கள். வாசலில் பைகளோடு கிடந்த எவர்சில்வர் பாட்டில்களிலிருந்து, காலையில் வீட்டில் போட்ட பனிக்கட்டியின் குளிர் இன்னும் மாறாத தண்ணீர், வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த முற்றத்தில், ரிப்பன் அவிழ்ந்த தலைகளின்மேல் கொட்டப்பட்டது. வருடம் முழுவதும் ஒரு மிடறு குடிக்கத் தயங்கியவர்கள் அன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஓவர்கோட்டின் பின்புறத்தில் தோழிகள் எழுதிய கையெழுத்துகள் கரைந்து ஓடியதைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்கள், பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்து என்னை நனைத்தார்கள்.

ஏப்ரல் இறுதியில், பள்ளியைப் பூட்டுவதற்கு முன் தொலைந்த பொருட்கள் வைக்கும் பீரோவைத் திறந்தோம். ஒற்றைக் கொலுசு, வடிவியல் பெட்டிகள், குடைகள், அவற்றோடு பதினோரு பாட்டில் மூடிகள். பாட்டில்களைக் காணோம், மூடிகள் மட்டும். கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருபவர் ஃபிளாஸ்க் பாட்டிலின் பக்கவாட்டில் வெட்டினால் பூச்சு உரியும் என்று மறுப்பார், அடியில் வெட்டித் தருவார். அவரிடம் மூடியின் எவர்சில்வர் தலையிலும் மறக்காமல் பெயரை வெட்டித் தரச் சொல்லுங்கள்.